14416: இரவு பதினொன்றரைக்குப் பேசிய அனுபவம்

நான் பொதுத்துறை வங்கிக் கிளை ஒன்றில் அதிகாரி, என் கணவர் சென்னையில் ஒரு தனியார் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். இந்த ஒரு வருடத்தில் வேலை நெருக்கடி தாங்காமல் இரண்டு பேருமே மனநல ஆலோசனை கேட்டோம், வேறு வேறு இடங்களில்: அவர் கம்பெனி ஆப்பில், நான் 14416 என்ற அரசு உதவி எண்ணில். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அவருடையது. கம்பெனியே பணம் கட்டி ஊழியர்களுக்குத் தரும் ஆலோசனை ஆப், வருடத்துக்கு ஆறு முறை இலவசம். திறந்ததும் ஊழியர் எண்ணைக் கேட்டது, அங்கேயே அவருக்குப் பாதி மனசு விட்டுப்போனது. விவரம் எச்.ஆருக்குப் போகாது என்று எழுதியிருந்தார்கள், ஆனால் அப்ரைசல் என்கிற வேலை மதிப்பீடு நடக்கிற மாதத்தில் அதை யார் நம்புவார்கள்? ஒன்பது நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. பேசியவர் அன்பானவர்தான், தமிழ் தெரியாது. நள்ளிரவில் கிளையண்டுடன் போன் பேசி முடித்துவிட்டுக் காலை 9 மணிக்கு மறுபடி லாகின் செய்கிற மனிதரிடம் மூச்சுப்பயிற்சி சொன்னார். இவர் அப்புறம் போகவில்லை.

என் கதை மார்ச் மாதம். நகைக்கடன் கவுன்டரில் கூட்டம், ஆள் பற்றாக்குறை, சாயங்காலம் ஆறரைக்கு மேலதிகாரிகளின் வீடியோ மீட்டிங், அதில் இன்று எத்தனை இன்ஷூரன்ஸ் பாலிசி என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்பார்கள். பயிர்க்கடனுக்கு வந்து நிற்பவர் தலையில் பாலிசியைக் கட்டுவது எனக்கு வராது, கட்டாவிட்டால் மீட்டிங்கில் தலைகுனிய வேண்டும். தூக்கம் போய்விட்டது. பெட்டகத்தைப் பூட்டினோமா என்று இரவு 2 மணிக்கு எழுந்து உட்காருவேன், சாவி இரண்டு பேர் கையில் இருக்கிறது, பூட்டாமல் வந்திருக்கவே முடியாது என்று தெரிந்தும்.

அப்படி ஒரு இரவில்தான் 14416-ஐ அழைத்தேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைத் திட்டத்தின் எண் இது, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயர். இலவசம், 24 மணி நேரமும் உண்டு. தற்கொலை எண்ணம் வந்தவர்களுக்கு மட்டுமான எண் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன், அப்படி இல்லை.

எடுத்த பெண் அவசரப்படவே இல்லை. சாப்பாடு, தூக்கம், உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா, எல்லாவற்றையும் நேராகக் கேட்டார். பிறகு, “உங்க வேலையில எதையெல்லாம் நீங்களே முடிவு பண்ண முடியும், மேடம்?” என்றார். யோசித்தால், மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்பதுகூட என் கையில் இல்லை. அழுதுவிட்டேன். வேலைப்பளு மட்டுமே ஆளை நொறுக்குவதில்லை, பளு கூடி முடிவெடுக்கும் உரிமை குறையும்போதுதான் நொறுக்குகிறது என்று ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-லேயே எழுதியதைப் பிறகுதான் படித்தேன். அந்தக் கேள்வி ஏன் என்னை அப்படி உலுக்கியது என்று அப்போது புரிந்தது.

அன்று இரண்டே விஷயம் முடிவு செய்தோம். மதியம் 2 மணிக்குக் கவுன்டரை விட்டு எழுந்து போய்ச் சாப்பிடுவது, பெட்டகம் பூட்டிய நேரத்தை என் டைரியில் குறித்துவிட்டுக் கிளம்புவது. இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் அரசு மருத்துவமனை மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். பத்து நாளில் திரும்பியது, அதனால் போகவில்லை.

பாலிசி இலக்கை 14416-ல் பேசுகிறவர்களால் குறைக்க முடியாது, கிளைக்கு ஆள் போடவும் முடியாது. அதற்குக் கிளையில்தான் பேச வேண்டும், சங்கத்தில்தான் பேச வேண்டும். 2015-லிருந்து வங்கிகளுக்கு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை விடுமுறை என்பதே பேசிப் பேசி வந்ததுதானே. ஆனால் அப்படிப் பேசுவதற்கு முதலில் தூங்கியிருக்க வேண்டும், எனக்கு அந்தத் தூக்கம் இந்த எண்ணால் கிடைத்தது.

அழைப்பதானால் சொந்த போனிலிருந்து அழையுங்கள், அரை மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். நான் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினேன். போன ஞாயிறு என் கணவரும் அங்கேதான் நின்று பேசிக்கொண்டிருந்தார், தமிழில்.