ஆன்கி: மறக்கும் தறுவாயில் கேள்வி கேட்கும் மென்பொருள்

கல்லூரியின் முதல் ஆண்டு முழுவதும் நான் படித்த முறை மிக எளிமையானது. பாடக்குறிப்பில் முக்கியம் என்று தோன்றிய வரிகளை மஞ்சள் மையால் தீட்டி வைப்பேன். தேர்வு நெருங்கியதும் தீட்டிய வரிகளை மட்டும் திரும்பத் திரும்ப வாசிப்பேன். வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். வினாத்தாளைக் கையில் வாங்கியதும், அந்த வரி பக்கத்தின் இடப்புறக் கீழ்மூலையில் இருந்தது என்பது துல்லியமாக நினைவுக்கு வரும். அதில் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வராது. இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் ஆன்கி என்னும் நினைவட்டை மென்பொருளுக்கு மாறினேன். இரண்டு ஆண்டுகள் ஏறத்தாழ நாள்தோறும் பயன்படுத்திய பின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

ஜப்பானிய மொழியில் மனப்பாடம் செய்தலைக் குறிக்கும் சொல்தான் இதன் பெயர். ‘அங்கி’ என்று எழுதினால் உடுப்பு நினைவுக்கு வருகிறது என்பதால் ‘ஆன்கி’ என்றே எழுதுகிறேன். டேமியன் எல்ம்ஸ் 2006இல் முதன்முதலாக வெளியிட்ட இது ஒரு திறமூல மென்பொருள். கணினியிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் இலவசம், ஐபோன் செயலிக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். அட்டையின் முன்பக்கத்தில் கேள்வி இருக்கும். விடையை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பினால், மீண்டும், கடினம், நன்று, எளிது எனப் பொருள்படும் நான்கு பொத்தான்கள் வரும். எதை அழுத்துகிறோமோ அதைப் பொறுத்து அந்த அட்டை அடுத்து எப்போது வர வேண்டும் என்பதை மென்பொருள் தீர்மானிக்கிறது. மாற்றாமல் விட்ட அமைப்பில், சரியாகச் சொல்லிவரும் அட்டையின் இடைவெளி முதலில் ஒரு நாளாக இருந்து, பின்னர் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இரண்டரை மடங்காகப் பெருகும். நன்றாகத் தெரிந்தது மாதக்கணக்கில் கண்ணில் படாது; தெரியாதது நாளைக்கே வந்து நிற்கும்.

இதன் பின்னால் உள்ள கருத்து புதியதன்று. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்கௌஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று அளந்து 1885இலேயே நூலாக வெளியிட்டார். ஆனால் என் பழைய படிப்பு முறை ஏன் என்னை ஏமாற்றியது என்பதை எனக்கு விளக்கியது, உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வுதான். ஒரு பகுதியை இருமுறை வாசித்தவர்களையும், ஒருமுறை வாசித்துவிட்டுப் பின்பு பாராமல் எழுதிப் பார்த்தவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை வாசித்தவர்களே முந்தினார்கள்: 81 விழுக்காடு, மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது: வாசித்தவர்களிடம் 42 விழுக்காடுதான் எஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களிடம் 56 இருந்தது. படிக்கும் நேரத்தில் சுகமாக இருக்கும் முறையும், வாரம் கழித்துக் கைகொடுக்கும் முறையும் வெவ்வேறு என்பதால்தான், தேர்வுக்கு முந்தைய இரவில் எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றியிருக்கிறது. ஆன்கியில் அந்தச் சுகத்துக்கு இடமே இல்லை. ஒவ்வோர் அட்டையும் முதலில் கேட்கும், பிறகுதான் காட்டும்.

அட்டையை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தொடங்கிய புதிதில், பிறர் எழுதிப் பகிர்ந்திருந்த ஆயிரக்கணக்கான அட்டைகளை அப்படியே இறக்கிக்கொண்டேன். நான்கு வாரத்தில் பல அட்டைகளுக்கு, கேள்வியின் முதல் இரண்டு சொற்களைப் பார்த்ததும் விடையைச் சொல்லத் தொடங்கியிருந்தேன். ஆனால் எந்தப் பாடத்தில், எதற்காக அது வருகிறது என்று கேட்டால் விழித்தேன். அவற்றை அழித்துவிட்டு நானே எழுதத் தொடங்கியபோது, என் அட்டைகளும் முதலில் மோசமாகத்தான் இருந்தன. ‘ஹென்லே வளைவைப் பற்றி எழுதுக’ (சிறுநீரகத்துக்குள் இறங்கி ஏறும் நுண்குழாய்ப் பகுதி அது) என்று முன்பக்கத்தில் ஒரு வரியும், பின்பக்கத்தில் பன்னிரண்டு வரியும் இருந்த ஓர் அட்டை, பதினேழு நாளில் எட்டு முறை தோற்றுப்போய், தொல்லை தரும் அட்டை என்று மென்பொருளாலேயே ஒதுக்கி வைக்கப்பட்டது. அதை நான்காகப் பிரித்தேன். இறங்கு பகுதி நீரை வெளியே விடுமா? தடித்த ஏறு பகுதி எதை வெளியேற்றும், எதை வெளியே விடாது? நீர் பின்தொடராமல் உப்பு மட்டும் வெளியேறுவதால் சுற்றியுள்ள திசுவுக்கு என்ன ஆகிறது? ஃபுரோசெமைடு மருந்து, ஏறு பகுதியில் உப்பை வெளியேற்றும் கடத்தியைத் தடுத்தால் சிறுநீர் ஏன் பெருகுகிறது?

நான்காவது கேள்வியை எழுதுவதற்கு முந்தைய மூன்றும் எனக்குப் புரிந்திருக்க வேண்டியிருந்தது. புரியவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. புத்தகத்தைத் திறந்து அந்தப் பத்தியை மறுபடி படித்து, அட்டையை எழுதி முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. உண்மையான படிப்பு அந்த நாற்பது நிமிடத்தில் நடந்தது. ஆன்கி செய்தது அதைத் தேய விடாமல் காத்த வேலை. ஆயத்த அட்டைகளை இறக்கிக்கொள்பவர்கள் தங்களுக்குத் தெரியாமலே இழப்பது அந்த நேரத்தைத்தான்.

குறைகளில் பெரியது நிலுவை. நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் என்பது மென்பொருளின் இயல்பான அளவு. முதல் வாரத்தில் இது விளையாட்டாக இருக்கும். ஆனால் இன்றைய புதிய அட்டைதான் நாளைய பழைய அட்டை என்பதால், சில வாரங்களில் நாள்தோறும் 150க்கும் மேற்பட்டவை வரிசையில் நிற்கத் தொடங்கும். ஒருமுறை காய்ச்சலில் பதினொரு நாள் திறக்காமல் விட்டுவிட்டுத் திரும்பியபோது 1,140 அட்டைகள் காத்திருந்தன. அந்த எண்ணைப் பார்த்ததும் மூடிவிட்டு மேலும் நான்கு நாள் போக்கியதை மறைக்க விரும்பவில்லை. புதிய அட்டைகளை முற்றிலும் நிறுத்திவிட்டு, நாளொன்றுக்கு நூறு வீதம் பார்த்து, மூன்று வாரத்தில் மீண்டேன். அதன்பின் என் அளவு எட்டுப் புதிய அட்டைகள், அதற்கு மேல் இல்லை.

தோற்றத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அலங்காரத்துக்குப் பெயர்போன மென்பொருள் இதுவன்று. அமைப்புப் பக்கம் முதல்முறை திறப்பவரை மிரட்டும். 2023இல் சேர்க்கப்பட்ட எஃப்எஸ்ஆர்எஸ் என்னும் புதிய கணக்கீட்டு முறையை அங்கேதான் இயக்க வேண்டும். அது நம் பழைய விடைகளைப் பார்த்து இடைவெளிகளை நமக்கேற்பக் கணிக்கிறது. நினைவில் நிற்க வேண்டிய விகிதத்தை நாமே குறிக்கலாம். பேராசையில் நான் அதை 97 விழுக்காடாக உயர்த்தியபோது அன்றாட வேலை தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டது, 90க்கே திரும்பினேன். படத்தின் ஒரு பகுதியை மறைத்துக் கேள்வியாக்கும் வசதியும் அதே ஆண்டில் உள்ளேயே வந்துவிட்டது. உடற்கூறியல், நிலவியல் போன்ற பாடங்கள் படிப்பவர்களுக்கு இது மிகவும் பயன்படும்.

கணக்குப் போடக் கற்பதற்கு இதை நம்பக் கூடாது. தொகையீட்டின் சூத்திரத்தை அட்டை நினைவூட்டும். முன்னே இருக்கும் கணக்குக்கு எந்தச் சூத்திரம் பொருந்தும் என்று அடையாளம் காண்பதற்கு, கலந்து கொடுத்த கணக்குகளைத் தாளில் போட்டுத்தான் பழக வேண்டும். நீண்ட கட்டுரை எழுத வேண்டிய பாடங்களிலும் அப்படியே: ஆண்டுகளையும் வரையறைகளையும் அட்டை தாங்கும், வாதத்தைக் கோத்துச் செல்வதைத் தாங்காது. வகுப்பைத் தவறவிட்டவருக்கு வகுப்பின் இடத்தையும் இது நிரப்பாது. அட்டையாக்க முதலில் ஒன்று புரிந்திருக்க வேண்டுமே.

தேர்வுக்குப் பத்து நாள் முன்பு இதைத் தேடி வருபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் இடைவெளிகள் விரிவதற்கே காலம் போதாது. செமஸ்டரின் முதல் வாரத்தில் தொடங்குபவருக்கும், அன்றைய வகுப்பின் குறிப்பை அன்று மாலையே மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து நான்கைந்து கேள்விகள் எழுதும் பொறுமை உள்ளவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். திரையே பிடிக்காதவர், 1970களில் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய காகித அட்டைப் பெட்டி முறையைக் கையாளலாம். கொள்கை இதுவே, கணக்கு வைப்பது மட்டும் நம் பொறுப்பு.

இதை எழுத உட்காருவதற்கு முன் இன்றைய 86 அட்டைகளை முடித்தேன். இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. ஃபுரோசெமைடு அட்டையும் அவற்றில் ஒன்று. விடையைச் சொல்லித் திருப்பியபோது, அது அடுத்து வர இருப்பது பதினொரு மாதம் கழித்து என்று பொத்தானின் மேல் எழுதியிருந்தது.