ஃபைப்ரோமயால்ஜியா வலிக்கு எதை நம்பிக் காசு கொடுக்கலாம்?

உடல் முழுவதும் நாள்பட்ட வலியைத் தரும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோயின் பெயரை மருத்துவர் சீட்டில் எழுதிய மறுநாளே, வீட்டிலும் தெருவிலும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். மருந்துக்கடை, தைலக் கடை, கைபேசி விளம்பரம் என்று எங்கே திரும்பினாலும் வலிக்கு ஏதோ ஒன்று விற்கிறது. நான் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. நாள் முழுவதும் நின்றபடி, கையைத் தோளுக்கு மேல் தூக்கிக் கரும்பலகையில் எழுதும் வேலை. ஆகவே நான் பயன்படுத்திப் பார்த்தவற்றை இங்கே ஓர் அளவுகோலைக் கொண்டே மதிப்பிடுகிறேன்: இரவில் தூக்கம் வந்ததா, மறுநாள் முதல் பாடவேளையில் கை எழுந்ததா? பூசியவுடன் இதமாக இருந்ததா என்பதற்கு அரை மதிப்பெண்தான். இப்படிப் பார்க்கும்போது விலை அதிகமான பல வைத்தியங்கள் கீழே இறங்கிவிடுகின்றன. மலிவான இரண்டு மேலே ஏறி நிற்கின்றன.

எதற்கு இந்த அளவுகோல் என்றால், நோயின் தன்மை அப்படி. தசையிலோ மூட்டிலோ வீக்கம் இல்லை. இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் இயல்பாகவே வரும். சிக்கல், வலியைக் கையாளும் நரம்பு மண்டலத்தில்தான் இருக்கிறது. சாதாரண அழுத்தத்தைக்கூட மூளையும் தண்டுவடமும் பெரிதாக்கி வலியாக உணர்த்துகின்றன. 1990-இல் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் சங்கம் வகுத்த விதிப்படி, உடலில் குறிக்கப்பட்ட 18 இடங்களில் 11 இடங்களாவது அழுத்தும்போது வலித்தாக வேண்டும். 2010-இல் அந்த முறையை மாற்றி, உடலின் எத்தனை பகுதிகளில் வலி இருக்கிறது என்பதோடு களைப்பு, விழித்தெழும்போதே சோர்வு, நினைவு மங்கல் ஆகியவற்றையும் கணக்கில் எடுத்தார்கள். இவை மூன்று மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். தூக்கம் கெட்டால் வலி கூடும், வலி கூடினால் தூக்கம் கெடும் என்ற சுழலில்தான் நோயாளி மாட்டிக்கொள்கிறார். வலிக்கிற இடத்தை மட்டும் கவனிக்கும் எந்த வைத்தியமும் இந்தச் சுழலைத் தொடுவதில்லை.

முதலில், எல்லோரும் முதலில் வாங்குகிற வலி நிவாரணி மாத்திரைகள். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவற்றால் இந்த வலிக்குப் பெரிய பயன் இல்லை. பின்னிரண்டும் வீக்கத்தைக் குறைக்கும் மருந்துகள்; வீக்கமே இல்லாத இடத்தில் அவை என்ன செய்யும்? அவற்றைத் தொடர்ந்து விழுங்கினால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்ப்பதுதான் மிச்சம். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட நாள்பட்ட வலிக்கான வழிகாட்டுதலில், ஃபைப்ரோமயால்ஜியா போன்ற வலிகளுக்கு இந்த வகை மாத்திரைகளைத் தொடங்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. தலைவலிக்கோ முழங்கால் தேய்மானத்துக்கோ தனியாக வேண்டியிருந்தால் அது வேறு கணக்கு.

அடுத்தது அமிட்ரிப்டிலின். நான் அதிக மதிப்பெண் கொடுக்கும் மருந்து இதுதான். 1960-களின் தொடக்கத்தில் மனச்சோர்வுக்காக வந்த பழைய மருந்து; ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அதன் அளவில் சிறு பங்கே போதும். பெரும்பாலும் 10 மில்லிகிராமில் தொடங்குகிறார்கள். மனச்சோர்வு மாத்திரையை எனக்கு ஏன் கொடுக்கிறார்கள், என் வலியைப் பொய் என்று நினைக்கிறார்களா என்று பலர் சீட்டைப் பார்த்தவுடன் புண்பட்டுப் போகிறார்கள். நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரடோனின், நார்எபிநெஃப்ரின் ஆகியவை மனநிலையோடு வலியையும் கட்டுப்படுத்துபவை. அவற்றின் அளவைத் தூக்கிவிடுவதற்குத்தான் இந்த மாத்திரை. படுக்கப்போகும் நேரத்தில் போட்டால் காலை எழும்போதும் தூக்க மயக்கம் தொடரும். இரவு எட்டு மணி வாக்கில் போட்டால் அந்தத் தொல்லை குறைகிறது. வாய் வறட்சியும் மலச்சிக்கலும் பலருக்கு வரும். வகுப்பில் பேசிக்கொண்டே இருப்பவர்களுக்கு மேசையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் முடியாது. இதய நோய், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதைப் பற்றிய ஆய்வுகள் பழையவை, சிறியவை என்ற குறை உண்டு. ஆனால் ஒரு மாத்திரை சில ரூபாய்க்குள் கிடைக்கிறது, தூக்கத்தின் ஆழம் மாறுவது உடலுக்கே தெரிகிறது.

ப்ரீகாபலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்றைக்கு மருந்துச் சீட்டுகளில் அதிகம் எழுதப்படுவதும் அதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். ஃபைப்ரோமயால்ஜியாவுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதன்முதலாக அனுமதித்த மருந்து இது, ஆண்டு 2007. அடுத்த ஆண்டில் டுலோக்ஸெட்டினும், 2009-இல் மில்னாசிப்ரானும் அனுமதி பெற்றன. ஆனால் ஐரோப்பிய மருந்து நிறுவனம் அதே சான்றுகளைப் பார்த்துவிட்டு, இந்த மூன்றுக்கும் இந்த நோய்க்கான அனுமதியை மறுத்துவிட்டது. பயன் இருக்கிறது, ஆனால் அந்தப் பயன் போதுமானதா என்பதில்தான் இரு தரப்பும் வேறுபடுகின்றன. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வின்படி, போலி மாத்திரையோடு ஒப்பிட்டால் ப்ரீகாபலின் சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் கூடுதலாகப் பெரிய நிவாரணம் தருகிறது. அந்த ஒருவராக இருந்தால் இது வரம். மற்றவர்களில் பலருக்கு மிஞ்சுவது தலைச்சுற்றல், பகல் தூக்கம், கால் வீக்கம், எடை கூடுவது.

எனக்குக் கிடைத்தது நடுத்தரமான பயன். தோளிலும் முன்கையிலும் இருந்த எரிச்சல் குறைந்தது; ஆனால் மதிய வகுப்பில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு அதன் முடிவைத் தேடிக்கொண்டு நிற்கும் நிலை வந்தது. ஏற்கெனவே நினைவு மங்கலைக் கொண்டுவரும் நோய்க்கு அதையே கூட்டுகிற மருந்து! அளவைக் குறைத்து இரவுக்கு மட்டும் என்று மருத்துவர் மாற்றிய பிறகுதான் சமாளிக்க முடிந்தது. கடையில் வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தை அவசியம் திருப்பிப் பாருங்கள். நம் ஊரில் ப்ரீகாபலின் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. மெத்தில்கோபாலமின் என்னும் பி12 வைட்டமினோடோ, நார்ட்ரிப்டிலினோடோ சேர்த்த கூட்டு மாத்திரையாக வருகிறது. உடலில் பி12 குறைவு இல்லாதவருக்கு அந்த வைட்டமினால் இந்த வலி குறையும் என்பதற்குச் சான்று கிடையாது. நார்ட்ரிப்டிலின் சேர்ந்ததை, அமிட்ரிப்டிலினும் சாப்பிடுகிறவர் தெரியாமல் விழுங்கினால் ஒரே குடும்ப மருந்து இரட்டிப்பாகிவிடும். ப்ரீகாபலினைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மதுவோடும், ட்ராமடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மருந்துகளோடும் சேர்ந்தால் மூச்சு மந்தப்படும் அபாயம் இருக்கிறது.

டுலோக்ஸெட்டின், மனச்சோர்வும் கூடவே உள்ளவர்களுக்குப் பொருத்தமான தேர்வு. முதல் வாரத்தில் குமட்டல் படுத்தி எடுக்கும். சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் சற்றுத் தணியும். இதையும் சட்டென்று நிறுத்தினால் தலைக்குள் மின்னல் வெட்டுவது போன்ற உணர்வு வரும்.

இனி வீட்டு வைத்தியம். உப்பு ஒத்தடத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கல் உப்பை இரும்புச் சட்டியில் படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து, பழைய வேட்டித் துணியில் கொட்டி முடிந்து, முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகு தோள்பட்டையில் ஒற்ற வேண்டும். துணி நைலான் கலந்ததாக இருந்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். நூல் துணிதான் சரி. நொச்சி இலையைச் சேர்த்துக் கட்டினால் வாசம் நன்றாக இருக்கிறது. வேலையைச் செய்வது சூடுதான். வெந்நீர்ப் பை, மின்சார ஒத்தடப் பை எல்லாம் இதே வேலையைச் செய்கின்றன. பயன் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது முக்கியம். ஒத்தடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டால் அத்தோடு முடிந்தது. இறுகிய தோள் இளகியிருக்கும்போதே எழுந்து கையை மெல்லச் சுழற்றி, வாசல்வரை நடந்துவிட்டு வந்தால் அதன் பலன் மறுநாளைக்கும் கொஞ்சம் மிஞ்சுகிறது. நீரிழிவால் உணர்ச்சி குறைந்த பாதத்தில் மட்டும் சூட்டு ஒத்தடம் வேண்டவே வேண்டாம்.

அமிர்தாஞ்சன், ஐயோடெக்ஸ், கோடாலித் தைலம் ஆகியவற்றின் சங்கதி ஒன்றுதான். மென்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் தோலில் குளிர்ச்சியோ எரிச்சலோ உண்டாக்கி, வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகின்றன. தன்வந்தர தைலம், காயத்திருமேனி தைலம் போன்றவற்றை இளஞ்சூடாக்கித் தடவும்போது அந்தத் தடவலே இதம். தேய்ப்பவரின் கை கனமாக இருந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். நகரில் ஒரு மையத்தில், வாதத்தை இறக்குகிறேன் என்று சொல்லி முழங்கையால் அழுத்தி முதுகை உருவினார்கள். முன்பணம் கட்டிய தொகுப்புச் சிகிச்சை ஆதலால் பாதியில் நிறுத்தினாலும் பணம் திரும்பாது என்றார்கள். அதன் பிறகு இரண்டு நாட்களுக்குச் சட்டை உரசுவதுகூட வலித்தது. இந்த நோய்க்கு மென்மையான தடவல் மட்டுமே தகும். அதற்கு வீட்டில் ஒரு கை இருந்தாலே போதும். உள்ளுக்குச் சாப்பிடும் பற்பம், செந்தூரம் ஆகியவற்றைப் பதிவு பெற்ற சித்த மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் தொடக்கூடாது. பெயர்ச்சீட்டு இல்லாமல் பொட்டலமாக விற்கும் வாதப் பொடிகளை அறவே ஒதுக்குங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முதல் வாரம் அற்புதமாகக் கேட்பதற்குக் காரணமும் அதுவே.

டென்ஸ் கருவி, மின்கலத்தில் இயங்கும் சிறு பெட்டி. ஒட்டுப் பட்டைகளை முதுகில் ஒட்டிக்கொண்டால் தோலுக்கடியில் சன்னமான அதிர்வு ஓடும். 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஃபைப்ரோமயால்ஜியா உள்ள பெண்கள் வேலை செய்யும் நேரத்தில் இதை அணிந்தபோது, நான்கு வாரங்களில் அசைவின்போது வரும் வலி குறைந்தது. என் அனுபவமும் அதற்கு ஒத்துப்போகிறது. ஓய்வாகப் படுத்திருக்கும்போது மாட்டினால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விடைத்தாள் திருத்தும்போது மாட்டினால் தெரிகிறது. நம் வெயிலில் வியர்வை பட்டு ஒட்டுப் பட்டைகள் சீக்கிரம் பசை இழந்துவிடுவதால், அவற்றின் விலையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு இது ஆகாது.

மேலே ஏறி நிற்கும் இரண்டாவது, காசே கேட்காதது: உடற்பயிற்சி. ஐரோப்பிய மூட்டுவாத அமைப்பு தன் 2016 பரிந்துரைகளில் மருந்துகள், பிற சிகிச்சைகள் அனைத்தையும் அலசிவிட்டு, உறுதியான பரிந்துரை என்று முத்திரை குத்தியது உடற்பயிற்சி ஒன்றுக்கு மட்டுமே. வலியில் துடிப்பவரிடம் இதைச் சொன்னால் கோபம் வரும் என்பது எனக்குத் தெரியும், எனக்கும் வந்தது. பிரச்சினை, பயிற்சியைக் கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. பெரிய ஃபிசியோதெரபி மையம் ஒன்றில் முதல் நாளே எடை தூக்கும் பயிற்சியோடு தொடங்கினார்கள். வலி கிளம்பி வாரக் கடைசிவரை படுக்கைதான். பிறகு வேறொருவரிடம் போனபோது, அந்தச் சகோதரி கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் நடந்தா மறுநாள் வலி கூடாம இருக்கும், மேடம்?" என்பதுதான். அந்தத் தூரத்தில் பாதியிலிருந்து தொடங்கச் சொன்னார். நன்றாக இருக்கும் நாளிலும் கூட்டாதே, மோசமான நாளிலும் முழுதாக விடாதே. சிறிது சிறிதாகத்தான் ஏற்ற வேண்டும் என்பது அவர் முறை. முதல் சில வாரங்கள் வலி சற்றுக் கூடுவது இயல்பு என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தார். மருந்துக்கடைக் கணக்கைக் கீழே கொண்டுவந்தது அந்த ஒரு கேள்விதான் என்று சொன்னால் மிகையில்லை.

நடை பிடிக்காதவர்களுக்கு இளஞ்சூடான நீரில் செய்யும் பயிற்சி நல்லது. நம் ஊரில் அப்படிப்பட்ட குளம் உள்ள மையங்கள் பெருநகரங்களைத் தாண்டினால் அரிது. சீனாவின் தாய் சி பயிற்சியை ஏரோபிக் பயிற்சியோடு ஒப்பிட்டு 226 பேரிடம் நடத்திய ஆய்வு 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. தாய் சி சமமாகவோ அதைவிட மேலாகவோ பயன் தந்தது. மூச்சோடு இயைந்த மெதுவான அசைவு என்பதால், ஆசனங்களை நின்று நிதானமாகச் சொல்லித்தரும் யோகா வகுப்பும் அதே இடத்தை நிரப்பக்கூடும் என்பது என் எண்ணம். சூடேற்றிய அறையில் வேகவேகமாக நடத்தும் வகுப்புகள் வேண்டாம்.

நடத்தைச் சிகிச்சை எனப்படும் உளவியல் ஆலோசனை, வலியைவிட வலி பற்றிய பயத்தையும் தூக்கமின்மையையும் குறைக்கிறது. கட்டணம் ஒத்துவந்தால் போகலாம். மக்னீசியம், மஞ்சள் கேப்சூல், கொலாஜன் பொடி, எப்சம் உப்புக் குளியல் ஆகிய எதுவும் என் அளவுகோலில் தேறவில்லை. வைட்டமின் டி மட்டும் விதிவிலக்கு: பரிசோதனையில் குறைவு என்று வந்தால் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தக் குறைபாடே உடல் வலியைக் கொண்டுவரும். தைராய்டு பரிசோதனையும் அப்படியே. இவ்விரண்டையும் பார்க்காமல் ஃபைப்ரோமயால்ஜியா என்று முடிவு கட்டுபவரிடம் இன்னொரு முறை கேளுங்கள்.

அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில், நாக்குக்கடியில் வைத்துக் கரைக்கும் சைக்ளோபென்ஸாப்ரின் மாத்திரைக்கு இந்த நோய்க்கான அனுமதி கிடைத்திருக்கிறது. மில்னாசிப்ரானுக்குப் பிறகு வரும் முதல் மருந்து. தூங்கப்போகும்போது எடுத்துக்கொண்டு, தூக்கத்தின் வழியாகவே வலியைக் குறைக்க முயலும் மருந்து என்பதால் எனக்கு அதில் ஆர்வம் அதிகம். நான் இன்னும் பயன்படுத்தாததால் அதற்கு இங்கே மதிப்பெண் போடவில்லை.