திருமலைக்கு இரண்டு நாள்: காலைப் பொழுது மலைக்கா, தீவுக்கா?

வெள்ளி இரவு கொழும்பில் பஸ் ஏறி, ஞாயிறு பின்னேரம் திரும்பிவிடுகிற ஆட்கள்தான் திருகோணமலைக்கு அதிகம் வருகிறார்கள். வெளிக்கிட முன்பே ஒரு பட்டியல் அனுப்பி வைப்பார்கள்: கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி, புறாத்தீவு, திமிங்கிலம். எல்லாம் இரண்டு நாளில் முடியுமா?

தூரத்தைப் பார்த்தால் முடியும். நகரத்திலிருந்து நிலாவெளி ஏறக்குறைய 15 கிலோமீற்றர், கன்னியா அதில் பாதி. இடிக்கிறது வேறு இடத்தில். இந்தப் பட்டியலில் உள்ள எல்லாமே காலையில்தான் நன்றாக இருக்கும். பத்து மணிக்குப் பிறகு திருமலை வெயிலில் கோயில் மலையின் கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது, கன்னியாவின் சுடுதண்ணீர் யாருக்கும் தேவைப்படாது, தீவைச் சுற்றி ஆட்கள் நிறைந்துவிடுவார்கள். வருகிறவரின் கையில் இருப்பதோ இரண்டு காலைகள். அவற்றை எதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்காகிவிடும்.

முதலில் கோணேசர் மலை. பஸ் நிலையத்திலிருந்து கோட்டை வாசலுக்கு நடந்தே போகலாம். ஓட்டோவில் நேரே மேலே போய் இறங்குகிறவர்கள் அந்த வாசலைப் பார்ப்பதே இல்லை. சம்பந்தர் பாடிய பழைய கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அதன் கற்களைக் கொண்டே கோட்டையையும் கட்டினார்கள். வாசல் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயலும் தமிழ் எழுத்தும் இன்னும் இருக்கின்றன. கோயிலை இடித்தவன் கட்டிய கோட்டைக்குள் புகுந்துதான் இன்றைக்குக் கோயிலுக்குப் போகவேண்டியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு அந்த வாசலைக் கடப்பது ஒன்று, தெரியாமல் கடப்பது வேறு. உள்ளே இராணுவம் இருக்கிறது, புள்ளிமான்களும் இருக்கின்றன. மான்கள் கோட்டைக்குள் அடங்கி நிற்பதில்லை. நகரத்துக்குள்ளும் வந்து, எறிந்த பழத்தோலோடு பிளாஸ்டிக் பையையும் சேர்த்து மெல்லும். பாசத்தில் பிஸ்கற் நீட்டுகிறவர்கள் உறையைத் தங்கள் பையில் போட்டுக்கொண்டால் நல்லது.

இப்போது நாம் கும்பிடுகிற கோயில் 1963இல் குடமுழுக்குக் கண்டது. கட்டடத்தில் பழமையைத் தேடினால் ஏமாற்றம்தான். இருக்கிற இடம்தான் பெரிது. மூன்று பக்கமும் கடல், கீழே நேர்செங்குத்தாகப் பாறை. இராவணன் வெட்டு என்று காட்டும் பிளவுக்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் கரும்பச்சையாகக் கிடக்கும். இந்தக் கடலடியில்தான் 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடியபோது பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். மலை ஓரத்து மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னச் சின்ன மரத்தொட்டில்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். வெயிலில் நிறம் வெளுத்தவையும் நேற்றுக் கட்டினதுபோல் பளிச்சென்று இருப்பவையும் ஒரே கிளையில். காற்று அடித்தால் ஒன்றோடொன்று மோதித் தட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது புறாத்தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவு தூரம்தான், படகு ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பிரித்தானியர் காலத்தில் பீரங்கிச் சூட்டுப் பயிற்சிக்கு இலக்காக வைத்திருந்த தீவு என்று சொன்னால் இப்போது நம்ப மாட்டீர்கள். கரையில் மணலைவிட உடைந்த பவளக் கற்கள்தான் அதிகம். செருப்பில்லாமல் நடந்தால் பாதம் கிழியும். ஸ்நோர்க்கல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் முகத்தைத் தாழ்த்தினாலே போதும், மீன்கள் வந்துவிடும். செட்டை நுனி கறுத்த சுறாக்களும் சுற்றும். அவை மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகிற சாதி, பயப்படத் தேவையில்லை. பயப்படவேண்டியது பவளத்துக்காக: களைத்ததும் அதன்மேல் ஏறி நிற்கிறார்கள். கல் என்று நினைக்கிறார்கள் போல. உயிருள்ள பவளம் ஒருவர் மிதித்தாலே செத்துப்போகும்.

செலவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டும் உண்டியலும் உங்கள் விருப்பம். தீவுக்கு நுழைவுச் சீட்டு, படகுக் கூலி, கண்ணாடி வாடகை, லைஃப் ஜாக்கெட் என்று ஒவ்வொன்றாக ஏறும். இலங்கையருக்கு நுழைவுச் சீட்டு மலிவு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிற சொந்தக்காரர்களுக்கு அது பல மடங்கு. கனடாவிலிருந்து வந்த மாமா டிக்கெட் கவுண்டரில் தமிழில் எவ்வளவு கதைத்தாலும் விலை இறங்காது. படகுக் கூலி பெரும்பாலும் படகுக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஆகவே தனியாக வந்திருந்தால் கரையில் நிற்கிற இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

சரி, எதற்குக் காலையைக் கொடுப்பது? என் கணக்கு இப்படி. மலைக்கு இரண்டாவது வாய்ப்பு ஒன்று உண்டு. மதியம் நடை சாத்தினாலும் பின்னேரம் திறப்பார்கள், கல் ஆறியிருக்கும், காற்றும் வரும். தீவுக்கு அப்படி இல்லை. நேரம் போகப் போகக் காற்று எழும்பும், தண்ணீர் கலங்கும். ஆனால் இரவு பஸ்ஸில் வருகிறவர் விடியும்போது கோட்டைக்குப் பக்கத்திலேயே வந்து இறங்குகிறார். அறை தருவதற்கு இன்னும் பல மணி நேரம் கிடக்கிறது. கிழக்குக் கடலில் சூரியன் எழும்புவதை அந்த மலையிலிருந்து பார்க்காமல், லொட்ஜ் வாசலில் பையோடு குந்தியிருப்பது வீண். முதல் காலை மலைக்கு, இரண்டாவது காலை தீவுக்கு. சொந்த வாகனத்தில் மத்தியானம் வந்து சேருகிறவர்கள் மட்டும் மலையைப் பின்னேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான போட்டி தீவுக்கும் திமிங்கிலத்துக்கும்தான். இரண்டுக்கும் கடல் அமைதியான மாதங்கள் வேண்டும், இரண்டும் இரண்டாவது காலையைத்தான் கேட்கும். திருமலைத் துறைமுகத்தின் வாயிலிலேயே ஆழ்கடல் பள்ளம் தொடங்குகிறது, அதனால்தான் நீலத் திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு கிட்ட வருகிறது. பருவத்தில் கோயில் மலையில் நின்றே அது ஊதும் நீரைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். படகில் போனால் திறந்த கடலில் மணிக்கணக்காக ஆடவேண்டும். ஓங்கில் (டொல்பின்) கூட்டம் பெரும்பாலும் காட்சி தரும், திமிங்கிலம் தன் இஷ்டம். வயிறு புரளுகிற ஆளோ சின்னப் பிள்ளையோ கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம், தீவுக்குப் போங்கள். தீவை முன்பே பார்த்தவர்கள் திமிங்கிலத்துக்குப் போகலாம். ஒரே காலையில் இரண்டையும் காட்டுவோம் என்று சொல்கிற படகுக்காரரிடம் நான் ஏறமாட்டேன். இரண்டிலும் அரைகுறைதான் மிஞ்சும்.

கன்னியா இந்தப் போட்டியில் பின்னுக்குத்தான். ஏழு சின்னச் சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறு, வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். இராவணன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்பதால் அந்தியேட்டிக்கு வருகிற குடும்பங்களுக்கு அது சுற்றுலாத் தலமே இல்லை. அவர்களுக்கு வழி விட்டு நில்லுங்கள். அனுராதபுரம் வீதியால் திரும்பிப் போகிறவர்கள் போகிற வழியில் இறங்கினால் போதும். அதற்கென்று ஒரு காலையைச் செலவழிக்காதீர்கள்.

பின்னேரத்துக்கு வருகிறவர்கள் செய்கிற ஒரு காரியம் எனக்குப் புரிவதில்லை: சூரியன் மறைவதைப் பார்க்க நிலாவெளிக் கடற்கரையில் போய் இருப்பார்கள். அது கிழக்குப் பார்த்த கரை. சூரியன் முதுகுக்குப் பின்னால், பனைமரங்களுக்குள் இறங்கிவிடும். அதற்கு நகரத்திலேயே உட்துறைமுகப் பக்கம் போகவேண்டும். உவர்மலையிலிருந்து பார்த்தால் துறைமுகத் தண்ணீர் முழுக்கச் செம்பு நிறமாகும், தூரத்தில் சீனக்குடாப் பக்கத்து மலைகள் கறுப்பாகத் தெரியும். அங்கே காட்டுக்குள் இருக்கிற எண்ணெய்க் குதங்களை 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் தாக்கின. அன்று அடிபட்ட குதம் ஒன்றின் மிச்சம் இன்னும் கிடக்கிறது.

தங்குவதற்கு உப்புவெளியா நிலாவெளியா என்றால், இந்த இரண்டு நாள் திட்டத்துக்கு உப்புவெளி. நகரத்துக்குக் கிட்ட, சாப்பாட்டுக் கடைகள் அதிகம், நிலாவெளிப் பஸ்ஸும் அந்த வழியாகவே போகும். நிலாவெளியின் கடற்கரை அகலமானது, அமைதியானது, ஆனால் இரவு கொத்துக்கு ஆசை வந்தால் ஓட்டோதான். மூன்றாவது நாள் ஒன்று இருந்தால் என் பதில் மாறும்.

இவ்வளவும் மே முதல் செப்டெம்பர் வரைக்கும். நவம்பர், டிசம்பரில் வாடைக் காற்றோடு மழை பிடித்தால் தீவுக்குப் படகு இருக்காது, திமிங்கிலப் படகும் இருக்காது. அப்போது மலையும் கன்னியாவும்தான். மழைக் குளிரில் அந்தச் சுடுதண்ணீரை வாளியால் அள்ளித் தலையில் ஊற்றும்போதுதான் கன்னியா முன்னுக்கு வரும்.