ஸ்லீப் போடுவதா, தயாரா என்று கேட்பதா?

மாட்டுத்தாவணி பக்கம் எங்கள் அலுவலகத்தில் இரண்டு வாரமாக இதே பேச்சு. லேப்டாப்பில் பாஸ் ஆகும் சாஃப்ட்வேர் டெஸ்ட், சர்வரில் ஒரு நாள் பாஸ், மறுநாள் ஃபெயில். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எழுந்திருக்கும் முன்பே டெஸ்ட் போய்க் கதவைத் தட்டுகிறது. வழி இரண்டு: குறித்த விநாடி சும்மா காத்திருக்கும் ஸ்லீப், அல்லது ‘தயாரா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கும் லூப்.

வேலை: ஸ்லீப் ஒரே வரி. லூப் பத்து வரி.

நேரம்: ஸ்லீப் 5 என்றால் எப்போதும் 5 விநாடி. லூப் 100 மில்லிவிநாடிக்கு ஒருதடவை கேட்டு, பதில் வந்ததும் நகரும்.

நம்பகம்: லோடு ஏறினால் 5 விநாடி போதாது, 10 ஆக்கினோம், அதுவும் ஒருநாள் போதவில்லை. லூப்புக்கு 30 விநாடி கெடு வையுங்கள், தாண்டினால் லாகை (நடந்ததன் பதிவை) காட்டி நிற்கட்டும். அப்புறம், போஸ்ட்கிரெஸின் இணைப்பு வாசலான 5432 போர்ட் திறந்ததை மட்டும் நம்பாதீர்கள். திறந்த பிறகும் ‘இன்னும் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்’ என்று இணைப்பை மறுக்கும். ‘செலக்ட் 1’ என்ற சின்ன டேட்டாபேஸ் கட்டளை ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஒருதடவை ஓட்டித் தூக்கிப்போடும் ஸ்கிரிப்டா, ஸ்லீப் போதும். தினமும் ஓடும் டெஸ்ட்டுக்கு லூப்தான்.