ஆம்பூர் ரோட்டில் வாங்கிய பூட்ஸ்: தோல் அப்படியே இருக்கிறது, அடிதான் போய்விட்டது

வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்குத் தோல் விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று சுற்றிலும் தோல் பதனிடும் டேனரியும் ஷூ கம்பெனியும்தான். எங்கள் சித்தப்பாவே முப்பது வருஷம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால் செருப்பு விஷயத்தில் நம்மை யார் ஏமாற்றிவிட முடியும் என்கிற நினைப்பு எனக்கும் இருந்தது. அந்த நினைப்போடுதான் போன நவம்பரில், ஆம்பூரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு கடையில் 3,800 ரூபாய் கொடுத்து மலையேற ஒரு ஜோடி தோல் பூட்ஸ் வாங்கினேன். ஜனவரியில் கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானல் இறக்கத்தில் அதன் அடிப்பாகம் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிய்ந்துகொண்டு வந்தன.

பெரிய மலையேற்றக்காரி எல்லாம் இல்லை நான். வயது 46. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை வீட்டுக்காரரும் நானும் இன்னும் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஏலகிரி, கொல்லிமலை, கொடைக்கானல் என்று போய் நான்கைந்து மணி நேரம் நடந்துவிட்டு வருவோம். அவ்வளவுதான். இதுவரை ஓடுகிற ஷூவைப் போட்டுத்தான் சமாளித்தேன். கொல்லிமலையில் ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துச் சொச்சம் படியில் ஒரு தடவை கணுக்கால் மடங்கியதிலிருந்து, கணுக்காலைப் பிடித்துக்கொள்கிற மாதிரி நல்ல தோல் பூட்ஸ் ஒன்று வேண்டும் என்று மனசில் இருந்தது.

கடையில் ஒரு பையன். "அக்கா, இது எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ். ஃபாரின்ல பதினஞ்சாயிரத்துக்குக் கம்மியா கிடைக்காது. ஃபிரெஷ் பீஸ்" என்றான். நானும் சும்மா வாங்கிவிடவில்லை. சித்தப்பா சொல்லிக் கேட்ட சோதனை எல்லாம் செய்தேன். தோலின் வெட்டிய ஓரத்தைப் பார்த்தேன்: நார் நாராக இருந்தது, மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கவில்லை. மயிர்க்கால் துளைகள் அச்சடித்தது போல ஒரே சீராக இல்லாமல் அங்கங்கே நெருங்கியும் கலைந்தும் இருந்தன. விரலால் அழுத்தினால் மெல்லிய சுருக்கம் விழுந்து, விட்டதும் மறைந்தது. உரித்த தோலின் அடிப்பாளத்தை எடுத்து, மேலே பெயின்ட் மாதிரி பூசி 'ஜெனுவின் லெதர்' என்று முத்திரை குத்தி விற்கிற சரக்கு இல்லை இது. மாட்டின் மேல்தோல்தான், நிஜமாகவே நல்ல தோல். இன்றைக்கும் சொல்வேன், அதில் பொய் இல்லை.

அளவும் சரியாகத்தான் பார்த்தேன். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போதுதான் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஐந்து மணிக்கு மேல் போனேன். மலைக்குப் போடும் கெட்டி சாக்ஸையும் பையில் எடுத்துப் போயிருந்தேன். முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருந்தது. இறக்கத்தில் விரல் போய் முட்டினால் நகம் கறுத்துவிடும், அந்த அனுபவம் ஏற்கெனவே உண்டு. குதிகால் தூக்கவில்லை. தோல் பூட்ஸ் என்றால் முதல் இரண்டு வாரம் கடிக்கும் என்பார்கள், இது கடிக்கவே இல்லை. அடியில் மெத்தென்று, திண்டுமேல் நிற்கிற மாதிரி இருந்தது. அந்த மெத்தென்ற சுகத்தில்தான் நான் விழுந்தேன்.

திருப்பிப் பார்க்காமல் விட்டது அடியைத்தான்.

பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். பணத்தைப் போனில் அனுப்பினேன். அந்த ஒன்றுதான் பின்னால் எனக்குக் கை கொடுத்தது.

டிசம்பரில் வீட்டுக்குள்ளும் தெருவிலும் போட்டுப் பழகினேன். அப்புறம் ஏலகிரியில் சுவாமிமலைக்கு ஒரு நடை. கல்லும் மண்ணுமான பாதை, ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்த மறுநாள் காலையில் பூட்ஸ் வைத்திருந்த இடத்தில், தரையில் கறுப்பாகக் கொஞ்சம் துகள் கிடந்தது. பிஸ்கட் தூள் அளவுக்கு. ஏலகிரி மண் என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிட்டேன். மண் அந்த நிறத்தில் இருக்காது என்பது அப்போது உறைக்கவில்லை.

வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் வரை போனவர்களுக்கு அந்தப் பாதை தெரியும். சோலைக்காட்டுக்குள் மரவேர்கள் படிக்கட்டு மாதிரி வெளியே தெரியும், பனியில் அவை வழுக்கும். எங்களுக்கு அதையும் தாண்டி வெள்ளகவி கிராமம் வரை இறங்கிவிட்டு வருவதாகத் திட்டம். முன்கூட்டியே அனுமதி வாங்கி, உள்ளூர் வழிகாட்டித் தம்பி ஒருவரோடு கிளம்பினோம். டால்பின் நோஸ் பாறையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுவிட்டு எழுந்து ஒரு கால் மணி நேரம் இறங்கியிருப்போம். வலது கால் தரையில் படும்போதெல்லாம் 'டப் டப்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் குதிகால் பக்கம் அடி தனியாக வாயைத் திறந்துகொண்டு தொங்குகிறது.

கம் விட்டுப் போயிருக்கும், கட்டிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்து கையால் பிடித்தேன். பிடித்த இடம் அப்படியே கையோடு வந்துவிட்டது. டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. தரையில் படுகிற ரப்பர் தகடு முழுசாக இருக்கிறது, மேலே தோல் முழுசாக இருக்கிறது, நடுவில் இருக்கும் மெத்தைதான் மாவாகிவிட்டது. வீட்டுக்காரர் "சோலைக்குள்ள வந்து சோல் போச்சு" என்று ஒரு ஜோக் அடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து நிமிஷத்தில் இடது காலும் அதே கதை.

வழிகாட்டித் தம்பி பையிலிருந்து பிளாஸ்டிக் கயிறு எடுத்துச் சுற்றிக் கட்டினார். அவர் போட்டிருந்தது சாதாரண ரப்பர் செருப்பு, அது வேறு. "அக்கா, வெள்ளகவில யாரும் செருப்புப் போட மாட்டாங்க, ஊருக்கு வெளியவே கழட்டிடணும். உங்களுது வழியிலயே கழண்டுக்கிச்சு" என்றார். கயிறு இருபது அடிகூடத் தாங்கவில்லை. கடைசியில் அடி இரண்டையும் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, அட்டை மாதிரி வழவழவென்றிருந்த உள்பலகையோடு மேலே ஏறினேன். ஈர வேரில் ஒரு தடவை வழுக்கிக் கையை ஊன்றினேன். மணிக்கட்டு மூன்று வாரம் வலித்தது. ஏற்றமாக இருந்ததால் அதோடு போயிற்று. அதே இடம் இறக்கமாக இருந்து, பக்கத்தில் பள்ளமும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் ராத்திரியில் சில சமயம் தோன்றும். வட்டக்கானலில் ஒரு டீக்கடை அம்மா தன்னுடைய செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். வெள்ளகவியைப் பார்க்கவே இல்லை.

ஊருக்கு வந்ததும் சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் கொட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு துண்டை எடுத்து நசுக்கி, "இது பி.யு. சோல்மா. செத்துப் போய் ரொம்ப நாளாச்சு" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பி.யு. என்றால் பாலியூரித்தேன். லேசானது, மெத்தென்று இருக்கும், நிறைய நடந்தாலும் அமுங்கிப் போகாது. அதனால்தான் நல்ல நல்ல கம்பெனிகளும் மலையேறும் பூட்ஸில் அதை வைக்கின்றன. ஆனால் அதற்கு எமன் காற்றில் இருக்கும் ஈரம். ஈரம் உள்ளே புகுந்து அந்தப் பொருளின் கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே இருக்கும். வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் வேகம் கூடும். நடந்தால்தான் தேயும் என்பதில்லை, பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் வருஷம் ஆக ஆகச் சாகும். சொல்லப்போனால் போட்டு நடக்கிற பூட்ஸைவிடப் பூட்டி வைத்த பூட்ஸ்தான் சீக்கிரம் போகும் என்கிறார். பொதுவாக ஐந்து முதல் பத்து வருஷம் தாங்கும், அதுவும் நன்றாக வைத்திருந்தால். வேலூர் வெயிலில், தகரக் கூரை குடோனில் கிடந்தால் என்ன ஆகும்?

அப்புறம் ரப்பர் தகட்டைத் துடைத்து, குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே தரையில் படாத பள்ளத்தைக் காட்டினார். நாலணாக் காசு அளவுக்கு ஒரு வட்டம். சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஒரு அம்பு, அம்புக்கு இரண்டு பக்கமும் 1, 5. அம்பு 3ஐக் காட்டியது. "2015 மார்ச்ல அச்சுல ஊத்தினது" என்றார். எல்லா சோலிலும் இது இருக்காதாம், ஆனால் நிறைய சோலில் இருக்கும். நான் 'ஃபிரெஷ் பீஸ்' என்று வாங்கியது ஆறாம் வகுப்புப் பையன் வயதுள்ள பூட்ஸ்.

பெட்டியைத் தேடி எடுத்தேன். பக்கவாட்டில் வெள்ளை ஸ்டிக்கரில் விலையும் சைஸும் புதுசாக அச்சடித்திருந்தது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து உரித்தால், அடியில் மங்கிப்போய் இன்னொரு ஸ்டிக்கர். அதில் 03/2015. சோல் உதிர்ந்தபோது வராத கோபம் அப்போதுதான் வந்தது. பி.யு. பழசானால் உதிர்வது அதன் குணம், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. தெரிந்தே தேதிமேல் ஸ்டிக்கர் ஒட்டினவனை என்ன சொல்வது?

கடைக்குப் போனேன். முதலில், "தண்ணியில நனைச்சிருப்பீங்க." மலையில் நடக்கிற பூட்ஸ் நனையாமல் எப்படி என்றேன். அடுத்து, "வாங்கும்போது நல்லாத்தானேக்கா இருந்துச்சு, ரெண்டு மாசம் கழிச்சு வந்தா?" பெட்டியையும் உரித்த ஸ்டிக்கரையும் மேஜைமேல் வைத்ததும் பையன் உள்ளே போய்விட்டான். பெரியவர் ஒருவர் வந்து, சீட்டைத் திருப்பி 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரியைக் காட்டினார். பரவாயில்லை, வேறு ஜோடி தருகிறேன் என்று எடுத்து வந்தார். நான் நேராக அடியைத் திருப்பினேன். அதே வட்டம், அதே 15. பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன், பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. முன்பாதம் மடங்கும் இடத்தில் வளைத்தால் மயிரிழை மாதிரி வெடிப்புகள். வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகுதான் 1915 எண்ணுக்குக் கூப்பிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். எனக்குத் தெரியாத சில விஷயங்கள் அந்த வாரத்தில் தெரிந்தன. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம்தான். பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பி வாங்க மறுப்பதும் அப்படித்தான். அந்த 'திரும்பப் பெறப்பட மாட்டாது' வரி அங்கே செல்லாது. எனக்கு 30 நாள் தாண்டிவிட்டது. ஆனாலும் பழுதான பொருளை விற்றதாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருஷம் வரை நேரம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. போனில் பணம் அனுப்பிய பதிவு, ஸ்டிக்கர் படம், அம்பு வட்டத்தின் படம் எல்லாவற்றையும் சேர்த்துப் புகாரைப் பதிந்தேன். பத்து நாள் கழித்துப் பெரியவரே கூப்பிட்டு 2,500 ரூபாய் அனுப்பினார். முழுப்பணத்துக்கும் ஆணையம் வரை போயிருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் இன்னும் சொல்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்கு அலுத்துவிட்டது.

மிச்சமிருந்த தோல் பாகத்தைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. காட்பாடியில் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு தைப்பவர் முதலில் உதட்டைப் பிதுக்கினார். விளிம்பில் தோலோடு சுற்றித் தைத்த சோலாக இருந்தால் பிரித்து மாற்றுவது சுலபம். இது அச்சில் வைத்து நேரே ஊற்றியது, சுரண்டி எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும் என்றார். எப்படியோ சுரண்டி, ரப்பர் சோல் ஒட்டி, சுற்றிலும் தைத்துக் கொடுத்தார். 900 ரூபாய். முன்பைவிடக் கனம், அந்த மெத்தென்ற சுகமும் இல்லை. இரண்டு தடவை ஏலகிரி ஏறிவிட்டேன், துகள் எதுவும் உதிரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது அந்தக் கடை வாசலில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னேன். என்னுடைய அதே மாடல், பழுப்பு நிறம், சிவப்பு நாடா, கண்ணாடிக்குப் பின்னால் முதல் வரிசையில் இருக்கிறது. 3,200 என்று அட்டை தொங்குகிறது.