ஆத்தாவோட கீமோவுக்கு பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயில்ல போறவங்களுக்கு

காரைக்குடிலேர்ந்து சென்னைக்கு கேன்சர் ட்ரீட்மென்ட்டுக்கு போறவங்க நெறைய பேரு காருக்கு கடன் வாங்கி செலவு பண்றத பாக்குறப்ப மனசு கஷ்டமா இருக்கு. எங்க ஆத்தாவ நான் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிப்போறது பல்லவன்லதான், ரொம்ப திருப்தி. வண்டி நம்ம ஊர்லயே கெளம்புதா, அவதி இல்லாம ஏத்தி உக்கார வச்சு தலகாணி குடுத்துடலாம், சேர் கார்ல சாஞ்சுக்கிட்டே தாம்பரம் வரைக்கும் வந்துடுவாங்க.

முக்கியமா டிக்கெட் சலுகை. கேன்சர் பேஷன்ட்டுக்கு ஏசி சேர் கார், செகண்ட் கிளாஸ்ல 75%, ராத்திரி வண்டில போனா ஸ்லீப்பர், தேர்ட் ஏசில 100% கழிவு. கூட போற ஒருத்தருக்கும் 75% உண்டு. ஆஸ்பத்திரில அதுக்குன்னு ஒரு ஃபார்ம் இருக்கு, டாக்டர் கையெழுத்து சீலோட வாங்கிட்டு ஸ்டேஷன் கவுண்டர்லதான் எடுக்கணும், மொத தடவ போறப்பவே கேட்டு வாங்கிடுங்க ப்ளீஸ்.

சாப்பாடு வீட்லேர்ந்தே. வாய்ப்புண்ணு இருந்தா நம்ம காரமெல்லாம் ஆகாது, கொழைய வடிச்ச சோறு, ஆறுன இட்லி, வாய் கொப்புளிக்க உப்புத்தண்ணி. மாஸ்க் கட்டாயம், ஒரு பாலிதீன் பை கையிலயே இருக்கட்டும், திரும்பி வர்றப்பதான் வாந்தி வரும். தெர்மாமீட்டரும் வச்சுக்கங்க, கீமோ முடிஞ்சு 100.4 டிகிரியோ அதுக்கு மேலயோ காய்ச்சல் வந்தா விடியட்டும்னு பாக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு போன் போடுங்க, நடுராத்திரியா இருந்தாலும் சரி.