கேபினட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ்ஸா, தனியாக வாங்குவதா?

புதுக் கணினி அசெம்பிள் செய்யும்போது, செலவைக் குறைக்க முதலில் கை வைப்பது எஸ்எம்பிஎஸ் (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) மேல்தான். கேபினட்டோடு ஒன்று வருகிறதே, போதாதா?

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலகக் கணினி என்றால் ஓடலாம். சிக்கல் அது கெடும் விதத்தில் இருக்கிறது. 12 வோல்ட் லைன் 12.6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது ஏடிஎக்ஸ் (கணினி பவர் சப்ளைகளுக்கான தரநிலை) விதி. உள்ளே கட்டுப்பாட்டுச் சுற்று பழுதானால் வோல்டேஜ் எகிறலாம். உடனே அணைக்கும் ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பு இல்லாவிட்டால் மதர்போர்டு, எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் எல்லாம் சேர்ந்து போகும். டிஸ்கில் இருந்த குடும்பப் படங்களை எந்த வாரன்டியும் திருப்பித் தராது.

தனியாக வாங்கும் நல்ல யூனிட் கெட்டாலும், பெரும்பாலும் மற்றவற்றை இழுக்காமல் தானே அணைந்துவிடும்.

சரி, ‘80 பிளஸ் கோல்டு’ ஸ்டிக்கர் போதுமா? போதாது. அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று மட்டுமே. கிகாபைட் நிறுவனத்தின் ஜிபி-பி750ஜிஎம் என்ற எஸ்எம்பிஎஸ் கோல்டு சான்று பெற்றதுதான், ஆனாலும் சோதனைகளில் வெடித்தது. அதிகச் சுமையில் அணையும் வரம்பை 120–150 சதவீதத்திலிருந்து 110–120 ஆகக் குறைத்ததாக 2021 ஆகஸ்டில் நிறுவனமே அறிவித்தது.

ஆகவே மாடல் பெயரைப் போட்டு சோதனை அறிக்கையைத் தேடிப் படித்துவிட்டு, தனியாகவே வாங்குங்கள். கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை.

அப்புறம், மதர்போர்டு ஏற்கெனவே பழுதாகிப் போயிருந்தால், அதே எஸ்எம்பிஎஸ்ஸில் புதுப் போர்டை மாட்டிப் பார்க்கவே வேண்டாம். சுமை இல்லாதபோது மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டினாலும் அதை நம்ப முடியாது.